ஆறு மாதம், ஒரே கேள்வி!

"பையன் படிக்கவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது என்றே தெரியவில்லை!"

இந்தப் புலம்பல் கேட்காத தெரு கிடையாது.

இதற்கு வீட்டில் மூன்று வைத்தியங்கள் உண்டு. முதல் வைத்தியம், அடியும் திட்டும். இரண்டாவது, ஆசை காட்டுவது. "முதல் மார்க்கு வாங்கு. சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்பார் அப்பா. மூன்றாவது வைத்தியம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்!"

அடித்தால் பயம் வரும். ஆசை காட்டினால் சைக்கிள் மீது ஆசை வரும். பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டினால் அவன் மீது கோபம் வரும். படிப்பின் மீது ஆசை வருமா? வராது.

இதே பையன் தூண்டில் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் குளக்கரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். கெட்டுப்போன ரேடியோவைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் வரிசையாக வைப்பான். பட்டத்துக்கு வால் நீளம் போதவில்லை என்றால், பத்து முறை மாற்றிக் கட்டுவான். பொறுமை இருக்கிறது. உழைப்பும் இருக்கிறது. அப்படியானால் அவனைச் சோம்பேறி என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தூண்டில் போடும்போது அவனுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. "மீன் மாட்டுமா?" அந்தக் கேள்வி அவனுடையது. வகுப்பில் கேட்கப்படும் கேள்விகள் அவனுடையவை அல்ல. பதில் முன்பே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. அவன் சொல்லாவிட்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பிள்ளைகளுக்கு ஊக்கம் வர வேண்டுமானால், அவர்கள் கையில் உண்மையான ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் போதாது. மாதக்கணக்கில் அதன் பின்னால் அவர்கள் போக வேண்டும். கடைசியில் கிடைக்கும் பதில் யாருக்காவது பயன்பட வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல.

பஞ்சு எடுத்த பிள்ளைகள்

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், 1896-ம் ஆண்டு ஜான் டூயி என்ற பேராசிரியர் ஒரு சிறு பள்ளிக்கூடம் தொடங்கினார். பலகைக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்லும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கையில் பஞ்சுக் காயும், ஆட்டு ரோமமும் கொடுக்கப்பட்டன. பழைய காலத்து மக்கள் பருத்தித் துணியை விடக் கம்பளித் துணியை அதிகம் உடுத்தியது ஏன்? இதுதான் கேள்வி.

பிள்ளைகள் பஞ்சிலிருந்து விதையைக் கையால் பிரித்தார்கள். அரை மணி நேரம் பாடுபட்டும் ஒரு அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 28 கிராம்தான்! விதை எடுக்கும் எந்திரம் இல்லாத காலத்தில் பருத்தித் துணி ஏன் அருமையாக இருந்தது என்பது அவர்கள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது.

ஆசிரியர் இதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளும் எழுதிக்கொண்டு, பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பார்கள். விரல் வலித்துக் கற்றது மறக்குமா? பஞ்சிலிருந்து நூல், நூலிலிருந்து துணி, துணியிலிருந்து எந்திரம், எந்திரத்திலிருந்து நாட்டின் சரித்திரம் என்று அந்தக் கேள்வி வளர்ந்துகொண்டே போனது. 1899-ல் வெளியிட்ட நூலில் டூயி இதை விவரித்திருக்கிறார்.

டாக்டர் படிப்பிலும் இந்த முறை நுழைந்தது. கனடாவில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில், 1969-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். "முதலில் பாடம், பிறகு நோயாளி" என்ற வழக்கத்தை அங்கே திருப்பிப் போட்டார்கள். முதலில் ஒரு நோயாளியின் பிரச்சினையைச் சொல்வார்கள். அதைத் தீர்க்க என்னென்ன தெரிய வேண்டும் என்று மாணவர்களே பேசி, தேடிப் படிக்க வேண்டும். இன்று உலகம் எங்கும் பல மருத்துவக் கல்லூரிகளில் இந்த முறை இருக்கிறது.

வார்தாவும், அரை நாள் பள்ளியும்

இந்தியாவிலும் இந்தப் பேச்சு பழையது. 1937 அக்டோபர் மாதம் வார்தாவில் காந்திஜி ஒரு கல்வி மாநாடு கூட்டினார். கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றார் அவர். ராட்டையில் நூல் நூற்றால் கணக்கு வரும், விஞ்ஞானம் வரும், சரித்திரமும் வரும் என்பது அவர் எண்ணம். அதற்குத் திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். 1967-ல் அவர் நாட்டின் ஜனாதிபதி ஆனார்.

அதுதான் ஆதாரக் கல்வி. நல்ல எண்ணத்தோடு பிறந்த அந்தத் திட்டம் நாடு முழுவதும் வேர் பிடிக்கவில்லை. பல இடங்களில் ராட்டை சுற்றியது, கேள்வி சுற்றவில்லை. "இந்த நூல் ஏன் அறுகிறது?" என்று யாரும் கேட்காவிட்டால், நூற்பது வெறும் வேலைதானே!

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பேசும்போது இன்னொரு நினைவும் வரும். 1953-ல் ராஜாஜி முதல்–மந்திரியாக இருந்தபோது, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் போதாத காலம், ஒரே பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது சர்க்கார் சொன்ன காரணம்.

மக்கள் கேட்டது வேறு. "சிரைக்கிறவர் மகன் சிரைக்கத்தான் வேண்டுமா? வெளுக்கிறவர் மகள் வெளுக்கத்தான் வேண்டுமா?" குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியாரும், தி.மு.க.வும், இன்னும் பலரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

ஆகவே, "பிள்ளைகள் கையால் செய்து கற்கட்டும்" என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டுப் பெற்றோர் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம்தான்.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் இதுதான். பிள்ளையை அவன் பிறந்த வீட்டின் வேலையிலேயே கட்டிப்போடுவது கல்வி ஆகாது. கேள்வி அவனை அந்த வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். குடியானவர் மகன் நிலவையும் நட்சத்திரத்தையும் அளக்கட்டும். அதிகாரி மகன் ஊர்ச் சாக்கடை எங்கே அடைக்கிறது என்று பார்க்கட்டும். பெண் பிள்ளைகள் கூட்டிப் பெருக்க, ஆண் பிள்ளைகள் அளந்து எழுத என்று வேலை பிரித்தால், அந்தப் பள்ளி பழைய தப்பையே திரும்பச் செய்கிறது.

பிள்ளைகள் நடத்தும் மாநாடு

1993-ல் இந்தியாவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மத்திய சர்க்காரின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பணியை எடுத்து நடத்தியது தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

10 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர வேண்டும். தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் பார்த்து, அளந்து, விசாரித்து, நோட்டில் குறித்துவர வேண்டும். முடிவைத் தாய்மொழியிலேயே சொல்லலாம். முதலில் மாவட்டம், பிறகு மாநிலம், கடைசியில் அகில இந்திய மாநாடு.

விலை உயர்ந்த கருவிகள் தேவை இல்லை. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளும் சேரலாம் என்று இடம் வைத்தார்கள். குக்கிராமத்துப் பிள்ளைகள் விஞ்ஞானிகளுக்கு முன்னால் நின்று, தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியும், நிலத்தைப் பற்றியும் பேசினார்கள். விஞ்ஞானிகள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்கள். அந்தப் பதிலை அவர்கள் மனப்பாடம் செய்திருக்க முடியாது. எந்தப் புத்தகத்திலும் அது இல்லையே!

குழாயடிக் கணக்கு

இப்படி ஒரு வேலை எப்படி நடக்கும்? ஒரு கிராமத்து எட்டாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். ஆனால் தெருக் குழாய்கள் ஒழுகுகின்றன. "நம் ஊரில் ஒழுகி வீணாகும் தண்ணீர் எவ்வளவு?" ஆசிரியர் பலகையில் எழுதியது இந்த ஒரு வரிதான்.

பிள்ளைகள் ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயின் கீழ் வைக்கிறார்கள். 10 நிமிஷத்தில் பாட்டில் நிரம்புகிறது. அப்படியானால் மணிக்கு 6 லிட்டர். ஒரு நாளைக்கு 24 மணி. ஆக, 144 லிட்டர்!

"ஒன்பது குடத்துக்கு மேல் வீணாகிறதே!" என்று எல்லோரும் கூச்சல் போடுகிறார்கள்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி மெல்லச் சொல்கிறாள். "குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வராது, சார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் வரும்."

வகுப்பே அமைதியாகிறது. கணக்கைத் திருத்துகிறார்கள். நான்கு மணி நேரம் என்றால் 24 லிட்டர்தான்.

அந்தச் சிறுமி தினமும் குடம் தூக்குகிறவள். கணக்குப் பரீட்சையில் பின்தங்கியவளாக இருக்கலாம். ஆனால் எந்தக் குழாய் எப்போது வரும், எது எப்போது ஒழுகும் என்பது அவளுக்குத்தான் தெரியும். முதல் மார்க்கு வாங்கும் பையன் செய்த தப்பை அவள் கண்டுபிடித்தாள். இனிமேல் அவள் வகுப்பில் வாய் மூடி உட்காருவாளா?

பிறகு வேலை வளர்கிறது. ஊரில் இப்படி 20 குழாய்கள் ஒழுகினால், நாளைக்கு 480 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 32 குடம். 180 நாளைக்குக் கணக்குப் போட்டால் 86,400 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லாரித் தண்ணீர்!

எல்லாக் குழாயும் ஒரே அளவு ஒழுகுமா? ஒழுகாது. அப்படியானால் ஒவ்வொன்றையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அது கணக்குப் பாடம். குழாய் ஏன் ஒழுகுகிறது? வாஷர் தேய்ந்திருக்கிறது. அது விஞ்ஞானம். குழாயைப் பழுது பார்க்கும் பொறுப்பு யாருக்கு? அது சமூகப் பாடம். பஞ்சாயத்துத் தலைவருக்கு மனு எழுதினால் அது தமிழ்ப் பாடம்.

ஜனவரி 26-ந் தேதி கிராம சபை கூடும். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அங்கே அந்தச் சிறுமி எழுந்து நின்று தங்கள் நோட்டில் உள்ள கணக்கைப் படிக்கட்டும். "வாஷர் மாற்ற இவ்வளவு செலவு. மாற்றாவிட்டால் இவ்வளவு தண்ணீர் நஷ்டம்." மறுநாள் குழாய்க்காரர் வந்தால், அதைவிடப் பெரிய பரிசு எது?

மூன்றாம் மாதச் சோர்வு

சொல்வது சுலபம். செய்வது கஷ்டம்.

முதல் வாரம் எல்லோருக்கும் உற்சாகமாக இருக்கும். மூன்றாம் மாதம் வந்தால் மழை பெய்யும், பரீட்சை குறுக்கிடும், ஒருவனுக்கும் மற்றவனுக்கும் சண்டை வரும். அளந்ததையே திரும்ப அளப்பது அலுப்பாக இருக்கும். பாதி பேர் நின்றுவிடுவார்கள்.

1991-ல் பிலிஸ் புளூமென்பெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் இதே விஷயத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். புராஜெக்ட் கொடுத்துவிட்டால் ஊக்கம் தானாக வந்துவிடாது, ஆசிரியரின் துணை கூடவே வர வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

அந்தத் துணை எப்படி இருக்க வேண்டும்?

பெரிய வேலையை வாரக் கணக்கில் சிறு வேலைகளாகப் பிரிக்க வேண்டும். "இந்த வாரம் கிழக்குத் தெருக் குழாய்கள் மட்டும்" என்றால் பிள்ளைக்கு மலைப்பு இருக்காது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். அளப்பவர், எழுதுபவர், விசாரிப்பவர் என்று மாதம் ஒரு முறை மாற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் உழைப்பார்கள், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆசிரியர் பதிலைச் சொல்லிவிடக் கூடாது. அதற்காகத் தனியே விட்டுவிடவும் கூடாது. "நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றடி, குளக்கரை என்றால் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

நினைத்தது தப்பாகப் போனால் அதையும் எழுதச் சொல்ல வேண்டும். "மேலத் தெருவில்தான் தண்ணீர் அதிகம் வீணாகிறது என்று நினைத்தோம். அளந்து பார்த்தால் அப்படி இல்லை." இதுவும் ஒரு முடிவுதான்.

கடையில் விற்கும் புராஜெக்ட்

இப்போது பல வீடுகளில் நடப்பது வேறு. இரவு ஒன்பது மணிக்குப் பையன் சொல்கிறான். "அம்மா, நாளைக்குப் புராஜெக்ட் கொடுக்க வேண்டும்!"

அப்பா கம்ப்யூட்டர் கடைக்கு ஓடுகிறார். படம் அச்சாகி வருகிறது. அம்மா விழித்திருந்து ஒட்டுகிறாள். அட்டையில் ஜிகினாக் காகிதம். பையன் தூங்கிவிட்டான்! காலையில் அது ஆசிரியர் மேஜைக்குப் போகிறது. பத்துக்கு ஒன்பது மார்க்கு. அந்த மார்க்கு யாருக்கு? அப்பாவுக்கா, அம்மாவுக்கா, கடைக்காரருக்கா?

பையன் அன்று ஒன்று மட்டும் கற்றுக்கொள்கிறான். வேலை செய்யாமலே மார்க்கு வாங்கலாம் என்று கற்றுக்கொள்கிறான். அதற்குப் புராஜெக்ட் இல்லாமலே இருந்திருக்கலாம்.

தப்பு முழுவதும் பெற்றோர் மேல் இல்லை. ஒரே வாரத்தில் ஐந்து பாடத்துக்கு ஐந்து புராஜெக்ட் கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? வருஷத்துக்கு ஐந்து அட்டை ஒட்டுவதை விட, ஒரு கேள்வியை ஆறு மாதம் விடாமல் பிடிப்பது மேல். பள்ளிக்கூடங்கள் அதற்கு வாரம் இரண்டு பீரியடாவது ஒதுக்க வேண்டும். ஆசிரியருக்குப் பதிவேடு எழுதும் வேலையைக் குறைத்து, பிள்ளைகளோடு வெளியே போக நேரம் கொடுக்க வேண்டும்.

மார்க்கு குறையுமா?

"இதெல்லாம் சரி. பரீட்சை மார்க்கு என்ன ஆகும்?"

பெற்றோரின் இந்தக் கேள்வி தப்பு அல்ல. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மார்க்குதான் ஏணி. அந்த ஏணியை யாரும் தட்டிவிடக் கூடாது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 46 பள்ளிகளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் வழக்கமான முறையில் விஞ்ஞானம் படித்தார்கள். மற்றவர்கள் புராஜெக்ட் முறையில் படித்தார்கள். முடிவு 2021-ல் வெளிவந்தது. விஞ்ஞானப் பரீட்சையில் புராஜெக்ட் பிள்ளைகள் சுமார் 8 சதவீதம் கூடுதலாக மார்க்கு வாங்கினார்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது.

இதை வைத்து எல்லாப் பாடத்தையும் இப்படியே நடத்த வேண்டும் என்று சொல்ல முடியாது. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை குழாய்க் கணக்குப் போட முடியாது. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதப் பழக வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், பாடப் புத்தகமும் வேண்டும். ஆனால் வாய்ப்பாடு எதற்கு என்று தெரிந்த பிள்ளை, அதை ஆசையோடு படிக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பள்ளிக்கூடம் மாறும் வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை.

பட்டணத்து வீட்டில் மின்சார மீட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பார்த்து எழுதும் பொறுப்பைப் பெண்ணிடம் கொடுக்கலாம். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். எந்த மாதம் ஏன் கூடியது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அடுத்த பில் வரும்போது அப்பா அவளிடம் விளக்கம் கேட்கட்டும்!

கொசு முட்டை கொசுவாக மாற, வெயில் காலத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் இடம் எத்தனை? வாரம் ஒரு முறை கவிழ்த்துவிட்டால் புழு குறைகிறதா? தம்பி ஆறு மாதம் எண்ணிப் பார்க்கட்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது மூன்றே காரியம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை, "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்டு, கடைசி வரை காது கொடுக்க வேண்டும். பென்சிலைப் பிடுங்கித் தாங்களே எழுதிவிடாமல் இருக்க வேண்டும். மூன்றாவது காரியம்தான் மிகவும் கஷ்டம்!

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டு மனம் விலகும் பிள்ளை, "எனக்குப் படிப்பு வராது" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்த முடிவு பிறகு ஆயுள் முழுவதும் கூட வரும். ஆறு மாதம் பாடுபட்டு ஒரு பதிலைக் கண்டுபிடித்த பிள்ளை அப்படிச் சொல்லாது. தன்னால் முடியும் என்பதற்கு அதன் கையில் ஒரு நோட்டுச் சாட்சி இருக்கிறது.

அந்த நோட்டில் முதல் பக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதத் தொடங்கலாம்.